1,500 வெள்ளியில் லேப்டாப்: முந்நூறைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தங்கச்சி எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு) முடித்துவிட்டுக் கணக்கியல் டிப்ளோமாவுக்குப் போகிறாள், மூன்று வருஷப் படிப்பு, கையில் இருப்பது 1,500 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுப்பதா, இல்லை முகநூலில் ஒருவர் 900 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிற பழைய "ஐ7" லேப்டாப்பை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுசா பழசா என்று எழுதியிருந்தாலும், உங்கள் மனசில் இருப்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது. வாங்குவது கடைசிப் பரீட்சை வரைக்கும் தாங்குமா, நடுவில் இன்னொரு 1,500 தேட வேண்டி வருமா என்பதுதானே கவலை? அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

செந்தூலில் பதினேழு வருஷமாக லேப்டாப் பழுதுபார்க்கிறேன். விற்பதில்லை, அதனால் எதையும் உங்கள் தலையில் கட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் என் அனுபவத்திலும் ஒரு கோணல் உண்டு. என் மேசைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போனவை மட்டும்தான். நன்றாக ஓடுகிறவை என் கண்ணில் படுவதே இல்லை. எந்த பிராண்டு அதிகம் விற்கிறதோ அதுதான் என்னிடம் அதிகம் வரும். ஆகவே "இந்த பிராண்டு மோசம்" என்று என்னைப் போன்ற ஆள் சொன்னால் அதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மிஷின் எதனால் கெடுகிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எது கெடாது என்று சொல்ல முடியாது.

சுருக்கமாக என் பதில்: 1,500ஐயும் மிஷினில் போடாதீர்கள். 1,200க்குள் வாங்கி, 300ஐ ஒதுக்கி வையுங்கள். மூன்று வருஷத்தில் எந்த லேப்டாப்பும் ஏதாவது ஒன்று கேட்கும்: பேட்டரி, சார்ஜர், எஸ்எஸ்டி (கோப்புகளை வைக்கும் வேகமான சேமிப்பகம்), இன்னொரு ரேம் (ஓடுகிற வேலைகளைத் தாங்கும் நினைவகம்). அந்த நேரத்தில் கையில் காசு இருந்து, மிஷினும் திறந்து மாற்றக்கூடியதாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். காசும் இல்லை, எல்லாம் போர்டிலேயே பற்றவைத்த மாடல் என்றால் அங்கேயே கதை முடிந்தது. அதனால் இந்த பட்ஜெட்டில் நான் முதலில் பார்ப்பது, பெரிய அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த, கடை ஒன்று சுத்தம் செய்து உத்தரவாதத்தோடு விற்கிற லேப்டாப்புகளைத்தான். புதிது என்ற சொல்லுக்கு இந்த விலையில் நாம் கொடுக்கும் விலை அதிகம்.

ஏன் என்று சொல்கிறேன். புதிதில் விலை குறைந்தவை எங்கே சிக்கனம் பிடிக்கின்றன தெரியுமா? முதலில் சேமிப்பகத்தில். 64ஜிபி அல்லது 128ஜிபி இஎம்எம்சி என்று பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அது எஸ்எஸ்டி அல்ல. கிட்டத்தட்டப் பழைய கைப்பேசிகளில் இருந்த வகைச் சில்லு, போர்டோடு ஒட்டியது. விண்டோஸ் 11 நிறுவவே குறைந்தது 64ஜிபி வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. அப்படியானால் 64ஜிபி மிஷினில் உங்கள் கோப்புக்கு எங்கே இடம்? சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண், வாங்கி எட்டு மாதமே ஆன லேப்டாப்போடு வந்தாள். கெடவில்லை; அப்டேட் இறங்க இடமில்லாமல் திணறிக்கொண்டு இருந்தது. படங்களை அழித்து, தற்காலிகக் கோப்புகளைத் துடைத்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தாள். மாற்றிப் போட வழியே இல்லாத சில்லு அது. அவளிடம் காசு வாங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே இஎம்எம்சி என்று கண்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது ரேம். 4ஜிபி இன்றைக்குப் போதாது. 8ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் மூன்று வருஷம் நிம்மதி. 2025 பிற்பகுதியில் இருந்து ரேம் சில்லுகளின் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது, ஏஐ தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் "இப்போது 8 வாங்கி, அப்புறம் மலிவாக 16 ஆக்கிக்கொள்ளலாம்" என்று நான் பல வருஷம் சொல்லிவந்த யோசனையை இப்போது அவ்வளவு தைரியமாகச் சொல்வதில்லை. 8க்கும் 16க்கும் கடையில் வித்தியாசம் சின்னதாக இருந்தால் வாங்கும்போதே 16 எடுத்துவிடுங்கள். 8தான் கட்டுப்படியாகும் என்றால், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும்.

பிராசசர், அதாவது லேப்டாப்பின் மூளை, விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் 900 வெள்ளி "ஐ7"க்கு இங்கேதான் வருகிறேன். இன்டெல் கம்பெனியின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே வருஷத்தில் வந்தவற்றுக்குள் இருக்கும் வரிசை மட்டும். வருஷம் மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தம் இல்லை. ஐ7-4600யு என்று ஒன்று உண்டு, 2013இல் வந்தது, உள்ளே இரண்டு கோர்தான் (கணக்குப் போடும் பகுதிகள்). ஐ5-8250யு 2017இல் வந்தது, நான்கு கோர். பேருக்கு ஐ5 என்றாலும் அந்த ஐ7ஐ அது தூக்கிச் சாப்பிட்டுவிடும். கோட்டுக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். நாலு இலக்கம் என்றால் பெரும்பாலும் முதல் இலக்கம்தான் தலைமுறை: 4600 நான்காவது, 8250 எட்டாவது. 1235யு, 1135ஜி7 போல 10, 11, 12, 13 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். விற்கிறவர் "ஐ7 அண்ணே, ஐ7" என்று மட்டும் சொல்லி எண்ணைச் சொல்லாமல் இருந்தால், அதுவே பாதிப் பதில்.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ரைசன் பிராசசரிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யு என்றதும் 7000 வரிசை, ரொம்பப் புதுசு என்று தோன்றும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ஆக 7520யு என்பது பழைய ஜென் 2. கணக்கியல் படிப்புக்கு அது போதும், மோசமில்லை. ஆனால் அதோடு வரும் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, அப்புறம் கூட்டவே முடியாது. 8ஜிபியோடு வாங்கினால் கடைசி வரை 8தான்.

இனி விண்டோஸ். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது; விண்ணப்பித்தவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் வரை. விண்டோஸ் 11, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இதனால் 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்புகள் சந்தையில் மலிவாகக் குவிகின்றன. சிலர் அதில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி "இதோ ஓடுகிறதே" என்று காட்டுவார்கள். ஓடும்தான். தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கவில்லை. பிசி ஹெல்த் செக் என்று மைக்ரோசாஃப்ட்டே ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறது, கடையில் அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எட்டாவது தலைமுறைக்கு இன்னும் எத்தனை வருஷம் கதவு திறந்திருக்கும் என்பது ஊகம்தான். அதனால் நூறு நூற்றைம்பது வெள்ளி வித்தியாசத்தில் 10ஆம் அல்லது 11ஆம் தலைமுறை கிடைத்தால் அதை எடுங்கள் என்பேன்.

விண்டோஸ்தான் வேண்டுமா, குரோம்புக் (விண்டோஸ் இல்லாமல் கூகுளின் மென்பொருளில் ஓடும் லேப்டாப்) மலிவாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், கணக்கியல் மாணவிக்கு வேண்டாம். நம் நாட்டுக் கம்பெனிகளில் ஓடும் எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. கல்லூரியில் எதைச் சொல்லித்தருகிறார்கள் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். மற்றபடி எக்செல், பிரௌசர், ஜூம் என்று போகும் படிப்புக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. "கேமிங்" என்று சிவப்பு விளக்கு எரிகிற பழைய மிஷினை இந்த விலையில் எவனாவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். சூட்டில் வெந்தவை அவை.

எதைத் தேடுவது என்றால், திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 போன்றவை 2018 காலத்து அலுவலக மாடல்கள். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாம் தனித்தனியாகக் கைக்கு வரும். டி480க்கு இரண்டு பேட்டரி, அதில் ஒன்றை வெளியில் இருந்தே கழற்றலாம். கவனம்: டி480இலேயே 7ஆம் தலைமுறை போட்டு வந்ததும் உண்டு, மாடல் பெயரை நம்பி எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். டி480எஸ் என்றால் ரேமில் ஒரு பகுதி போர்டில் ஒட்டியிருக்கும். இவற்றுக்கு அடுத்தடுத்த வருஷத்து மாடல்கள் 1,200க்குள் வந்தால் இன்னும் நல்லது. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் இன்ன கடை, இன்ன விலை என்று நான் எழுதவில்லை. லோ யாட்டிலேயே மேல் மாடிகளில் ஏறி மூன்று கடை கேளுங்கள். முதல் கடையில் வாங்கிவிடாதீர்கள், தவுக்கே (கடை முதலாளி) எவ்வளவு அன்பாகப் பேசினாலும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது குறைந்தது நாற்பது நிமிஷம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்க வேண்டாம். முதலில் மூடி வைத்து மேசையில் தட்டையாக வையுங்கள். ஆடினாலோ, டச்பேட் லேசாக எழும்பியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம், தள்ளுபடி கேட்டு வாங்குவதற்கு உரியது அல்ல. அப்புறம் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். கீல் பக்கம் 'டிக்'கென்று சத்தம் வந்தாலோ, திரையின் ஓரச் சட்டம் பிளந்தாலோ பின்னால் செலவு வைக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிஷம் யூடியூப் ஓட விடுங்கள். எத்தனை சதவீதம் இறங்குகிறது, அடிப்பக்கம் தொட முடிகிறதா, மின்விசிறி கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையையும் தட்டுங்கள். விசைப்பலகை ஓரமாக ஒட்டும் பிசுபிசுப்பு இருந்தால் தே தாரிக் (பால் தேநீர்) குடித்த மிஷின். தண்ணீர் காய்ந்தால் சில நேரம் பிழைக்கும். பாலும் சீனியும் உள்ளே போனால் மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். சீனிக்கு எறும்பு வேறு வரும். ஒரு லேப்டாப்பைத் திறந்தபோது எறும்புக் குடும்பமே முட்டையோடு குடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியின் வயதை வாய்ச் சொல்லில் கேட்காதீர்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், கடைக்காரருக்குத் தெரியும். அதில் இரண்டு எண் இருக்கும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுக்க ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு. 50,000க்கு 40,000 நின்றால் நல்லது. 25,000 என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்துக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்.

கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது. பழைய அலுவலக மிஷினில் இதைத் தவறவிட்டால் அழுதாலும் தீராது. மிஷினை அணைத்துப் போட்டு, பயோஸ் பக்கத்துக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்னால் வரும் அமைப்புப் பக்கம்) போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டு, விற்கிறவருக்கு அது தெரியாவிட்டால் வேண்டாம். அதே போல, விண்டோஸை முழுக்க ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து ஆரம்பத்தில் இருந்து தொடங்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து "உள்நுழையுங்கள்" என்று நின்றால், அந்த மிஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. இன்றைக்கு ஏதோ சூட்சுமம் செய்து திறந்து கொடுப்பார்கள், அடுத்த ரீசெட்டில் பூட்டிக்கொள்ளும். இப்படிப் பூட்டியவற்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களைப் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் அனுப்பியிருக்கிறேன்.

தனி ஆளிடம் சிஓடி (நேரில் காசு கொடுத்து வாங்குவது) என்று ஏதாவது எல்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் சந்தித்து வாங்குவதில் இந்தச் சோதனைக்கு நேரமும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. இன்னொன்று: கடையில் ரசீதோடு வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம். வியாபாரம் செய்யாத தனி ஆளிடம் வாங்கினதற்கு அந்த வழி இல்லை. அதனால் ரசீதில் கடையின் பதிவுப் பெயர், மிஷினின் வரிசை எண், உத்தரவாதம் எத்தனை மாதம், பேட்டரிக்கும் சேர்த்தா இல்லையா என்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மாதத் தவணைக்கு ஆசை காட்டுவார்கள். மாதம் 99 வெள்ளி, 36 மாதம் என்றால் கேட்கச் சுலபம். பெருக்கிப் பார்த்தால் 3,564. அந்தக் காசுக்கு வாங்கக்கூடிய மிஷின் வேறு. வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை உண்டு, கணினியும் அதில் அடங்கும். ஆனால் அது தனக்கு, துணைவருக்கு, பிள்ளைக்கு வாங்கினால் மட்டும், தங்கச்சிக்கு நீங்கள் வாங்கினால் வராது. அப்பா வரி கட்டுகிறவர் என்றால் ரசீதை அவர் பெயரில் போடுங்கள்.

புதிதுதான் வேண்டும் என்று தங்கச்சி அடம்பிடித்தால், அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். முழு உத்தரவாதம், புது பேட்டரி என்பதெல்லாம் சும்மா இல்லை. 9.9, 11.11 என்ற இணையத் தள்ளுபடி விற்பனைகளில் 12ஆம் தலைமுறை ஐ3, 8ஜிபி, 256ஜிபி எஸ்எஸ்டியோடு 1,500ஐ ஒட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த 300 கையில் நிற்காது, அவ்வளவுதான். பெயரே கேள்விப்படாத பிராண்டு, 16ஜிபி, 700 வெள்ளி என்று இணையத்தில் வருவதை மட்டும் தொடாதீர்கள். பேட்டரி போனால் மாற்று கிடைக்காது, சர்வீஸ் சென்டரும் இங்கே இருக்காது.

ஒதுக்கி வைக்கச் சொன்ன முந்நூறில் ஒரு பகுதியை முதல் வாரத்திலேயே செலவழிக்கலாம்: ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் பிளக் பலகை (சர்ஜ் புரொடெக்டர்) ஒன்று. நம் ஊர் சாயங்கால இடிமழையில் சார்ஜர் சொருகியபடி இருந்த போர்டுகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. ஆபீஸ் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பல கல்லூரிகள் மாணவர் மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் 365 தருகின்றன, அது வரும் வரை இலவசமான லிப்ரே ஆபீஸ் போதும்.

அந்த 900 வெள்ளிக்காரரை இந்தச் சனிக்கிழமை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போவதற்கு முன்னால், விண்டோஸ் செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் 8650 போல எட்டில் தொடங்கி, விலையையும் கொஞ்சம் குறைத்தால் போய்ப் பார்க்கலாம். 4, 5, 6, 7 என்று தொடங்கினால் பெட்ரோல் காசை மிச்சப்படுத்துங்கள். படம் வந்ததும் இங்கேயே போடுங்கள், ராத்திரி கடை அடைத்ததும் பார்த்துச் சொல்கிறேன்.